பொது நிலம் யாருடைய நிலம்? பழைய இங்கிலாந்து கிராமம், ஓர் எளிய அறிமுகம்

ஏரி தூர்ந்துபோனது, மேய்ச்சல் புறம்போக்கு காணாமல்போனது என்று எங்கே பேச்சு வந்தாலும் ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "பொதுச் சொத்துன்னா இப்படித்தான் சார். இங்கிலாந்துலயே ஊருக்குப் பொதுவா மேய்ச்சல் நிலம் விட்டாங்க. ஆளாளுக்கு மாட்டை ஓட்டிவிட்டு நாசம் பண்ணிட்டாங்க. அப்புறம்தான் வேலி போட்டாங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் வரும் கிராமத்தை இங்கிலாந்தின் பழைய ஏடுகளில் தேடினால் கிடைக்காது.

கதை பரவியதற்குப் பெரிய காரணம், 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ஒரு கட்டுரை. யார் வேண்டுமானாலும் மாடு விடலாம் என்கிற ஒரு புல்வெளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மாடு சேர்ப்பார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது என்று முடித்தார். அவர் சொன்னது கற்பனை. படித்தவர்கள் அதை வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அவரே, 'நிர்வாகம் இல்லாத பொது நிலம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டார். கட்டுரை போன தூரம் திருத்தம் போகவில்லை.

நிஜக் கிராமம் எப்படி நடந்தது, அங்கே யார் உழுதார்கள், எப்படிக் குடும்பம் நடத்தினார்கள், வேலி எப்படி வந்தது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒண்டுக்குடித்தனத்து மொட்டைமாடி

பழைய ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான வீடு, எட்டு போர்ஷன். ஆறு போர்ஷன் வீட்டுக்காரருடையது. ஒன்றில் அவர் இருக்கிறார், ஐந்தை வாடகைக்கு விட்டிருக்கிறார். மீதி இரண்டை இரண்டு பேர் எப்போதோ கிரயம் வாங்கிக் குடியிருக்கிறார்கள். பின்னால் ஒரு கிணறு, மேலே மொட்டைமாடி.

மாடி யாருடையது? பத்திரப்படி வீட்டுக்காரருடையது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எட்டுக் குடித்தனமும் அங்கேதான் துணி காயப்போடுகிறது, வடகம் பிழிகிறது, மே மாதத்தில் பாய் விரித்துப் படுக்கிறது. முப்பது வருஷப் பழக்கம். வீட்டுக்காரரே நினைத்தாலும் சட்டென்று நிறுத்திவிட முடியாது. சரி, தெருவில் போகிறவர் ஏறிவந்து தன் வேட்டியைக் காயப்போடலாமா? கூடாது. எட்டுக் குடித்தனத்தில் ஒருவர் நாலு கொடியையும் தானே பிடித்துக்கொண்டால்? மற்றவர்கள் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள்.

இங்கிலாந்து கிராமத்தில் 'காமன்' என்று சொன்ன பொது நிலம் இந்த மாடிதான். அங்கே வீட்டுக்காரரின் இடத்தில் இருந்தவர் மேனரின் பிரபு. மேனர் என்பது ஒரு பிரபுவின் நிலமும் அதில் இருக்கும் குடிகளும் சேர்ந்த நிர்வாக அலகு. ஓர் ஊரே ஒரு மேனராக இருப்பதும் உண்டு, ஓர் ஊருக்குள் இரண்டு மூன்று மேனர் இருப்பதும் உண்டு. காமனின் மண் பிரபுவுக்குச் சொந்தம். அந்த மண்மேல் குறிப்பிட்ட சிலருக்கு, குறிப்பிட்ட சில காரியங்களுக்கு இருந்த அனுபோகத்துக்குத்தான் பொது உரிமை என்று பெயர்.

குறிப்பிட்ட காரியம் என்றேன். மேய்க்கும் உரிமை ஒன்று, விறகும் வேலிச் சுள்ளியும் எடுக்கும் உரிமை இன்னொன்று. சதுப்பு நிலத்தில் பீட் என்ற, காய்ந்தால் எரியும் மண்ணை வெட்டி அடுப்புக்குக் கொண்டுபோவது தனி உரிமை. இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தின் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளைக் காட்டுக்குள் விடுவதும் அப்படித்தான். தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டில் இன்றும் வருஷா வருஷம் அது நடக்கிறது. ஒருவருக்கு இதில் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் உரிமை ஆளோடு ஒட்டியதல்ல, வீட்டோடோ நிலத்தோடோ ஒட்டியது. வீட்டை விற்றால் மாடு மேய்க்கும் உரிமையும் வீட்டோடு போய்விடும், ஃபிளாட்டோடு கார் நிறுத்துமிடம் போவதுபோல.

ஆக, 'காமன்' என்றால் எல்லாருக்கும் திறந்துவிட்ட நிலம் என்று அர்த்தமில்லை. சொந்தக்காரர் ஒருவர், அனுபோகக்காரர்கள் சிலர், வெளியாள் யாருக்கும் இடமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஏக்கர் என்றால் ஒரு நாள் உழவு

இனி வயலுக்குப் போவோம். நாம் மனை விலை பேசும்போதும் தோப்பு விலை பேசும்போதும் வாயில் வரும் ஏக்கர் இங்கிலாந்து வயலில் பிறந்த அளவு. ஒரு கலப்பையும் அதன் மாடுகளும் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ஓர் ஏக்கர். அளவைச் சட்டமாக்கியபோது அகலம் 22 கெஜம், நீளம் 220 கெஜம் என்று ஆனது.

இந்த 22 கெஜத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். கிரிக்கெட் பிட்சின் நீளம்தான். நில அளவைக்காரர்கள் அதை ஒரு செயின் என்பார்கள். ஒரு பிட்சின் நீளத்தை அகலமாக வைத்து, பத்துப் பிட்சை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீட்டினால் ஓர் ஏக்கர். அந்த 220 கெஜ நீளத்துக்குப் பெயர் பர்லாங். "ரெண்டு பர்லாங் நடந்தா கோயில் வந்துடும்" என்று தாத்தாக்கள் சொன்ன அதே பர்லாங். அந்தச் சொல்லின் பொருள் 'உழவுச்சால் நீளம்'.

நிலம் ஏன் நாடாபோல இவ்வளவு நீளமாக? கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு என்பதால்தான். நடு இங்கிலாந்தின் களிமண்ணைக் கிழிக்கக் கனமான கலப்பை வேண்டும். அதற்கு எட்டு மாடு வரைகூடப் பூட்டினார்கள். நாலு ஜோடி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அந்த வரிசையைத் திருப்ப வேண்டுமென்றால், வரப்பு வருவதற்கு வெகுமுன்னாலேயே முன்ஜோடியை ஒரு பக்கமாக ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி உழுததில் துண்டுகள் கண்ணாடியில் தெரியும் 'எஸ்' எழுத்துப்போல லேசாக வளைந்துபோயின. மண்ணை நடுப்பக்கமாகவே புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு துண்டும் நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமுமாக ஆனது. பிறகு புல் வளர விட்டுவிட்ட இடங்களில் அந்த அலைகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது நடு இங்கிலாந்தின் புல்வெளி பல இடங்களில் கடலலைபோலத் தெரிவது அதனால்தான்.

திறந்த வயல்: தனி நிலம், கூட்டு வேலை

இந்தத் துண்டுகள் சேர்ந்ததுதான் திறந்த வயல் முறை. ஊருக்கு இரண்டு அல்லது மூன்று பிரம்மாண்டமான வயல்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர், உள்ளே வேலியே கிடையாது. ஒவ்வொரு வயலும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடும்பத்தின் துண்டுகள் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே ஒன்று, ஓடைப்பக்கம் ஒன்று, மேட்டில் ஒன்று என்று மூன்று வயலிலும் சிதறிக் கிடக்கும். மேட்டில் காய்ந்தால் பள்ளத்தில் விளையும், பள்ளம் அழுகினால் மேடு காப்பாற்றும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் கலந்து கிடைக்கும். நடைதூரம்தான் தொல்லை.

மூன்று வயலில் ஒன்றில் இலையுதிர் காலத்தில் கோதுமையோ ரை என்ற தானியமோ விதைப்பார்கள். இரண்டாவதில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை. மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் ஒரு சுற்று மாறும். இனி வருவதுதான் முறையின் அச்சாணி: அறுவடை முடிந்ததும் அந்த முழு வயலும், தரிசுக் காலம் முழுக்கத் தரிசு வயலும், ஊர் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் திறந்துவிடப்படும். தாளைத் தின்று, சாணமும் புழுக்கையும் போட்டு, நிலத்தைத் தேற்றுவது அவைதான். அதாவது கதிர் அறுக்கும்வரை துண்டு உன்னுடையது, அறுத்த மறுநாள் அது ஊர் மேய்ச்சல்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் துண்டுக்காரர்கள் எல்லாம் கோதுமை அறுத்து முடித்த பிறகு நான் மட்டும் கோசு போட்டு வைத்திருந்தால் ஊர் மாடு அதைத் தின்றுவிடும். ஆகவே எல்லாரும் ஒரே பயிர், ஒரே பருவம், ஒரே நாளில் அறுவடை முடிவு. நிலம் தனித்தனி, நாள்காட்டி பொது.

ஓரளவு வசதியான குடியானவரின் பங்கு சுமார் 30 ஏக்கர். ஊருக்கு ஊர் கூடும், குறையும். கேட்க நிறையத் தெரியும். ஆனால் இடைக்காலத்தில் கோதுமை ஒன்றுக்கு நாலு விளைந்தாலே பெரிய குறையில்லை. பத்து மூட்டை விதைத்து நாற்பது மூட்டை அடித்தால், அடுத்த விதைக்குப் பத்தை எடுத்து வைக்க வேண்டும். தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று, அதாவது நாலு மூட்டை. அந்த வரிக்கு டைத் என்று பெயர். மீதி இருபத்தாறில்தான் மாவரைக்கும் கூலி, பிரபுவின் பாக்கி, குடும்பத்தின் வயிறு எல்லாம். இதில் மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் தரிசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்த மன்றம்

இத்தனை பேர், இத்தனை துண்டு, ஒரே நாள்காட்டி. யார் மேய்த்துக்கட்டினார்கள்? மேனர் மன்றம். பிரபுவின் பெயரால் கூடினாலும், அதில் ஜூரியாக உட்கார்ந்தவர்கள் ஊர்க் குடியானவர்களே. எந்தத் தேதியில் தாள்வயலைத் திறப்பது, பன்றிக்கு மூக்கில் வளையம் போடாமல் விட்டால் எவ்வளவு அபராதம் (வளையமில்லாத பன்றி மண்ணைக் கிளறி நாசம் செய்துவிடும்), பக்கத்துத் துண்டில் ஒரு சால் அதிகம் உழுதவர் யார் என்று எல்லாவற்றையும் அங்கேதான் தீர்த்தார்கள்.

மிக முக்கியமான விதி ஸ்டின்ட். ஒருவர் காமனில் விடக்கூடிய கால்நடைகளின் உச்ச எண்ணிக்கை அது. இத்தனை ஏக்கர் வைத்திருந்தால் இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று சில ஊர்களில் கணக்கு. வேறு ஊர்களில் விதி இன்னும் சாமர்த்தியமானது: குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தைப் போட்டு எத்தனை உருப்படியைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொதுவில் விடலாம். கோடையில் சந்தைக்குப் போய் ஐம்பது ஆடு வாங்கி ஊர்ப் புல்லில் கொழுக்கவைத்து விற்கும் வியாபாரியை இந்த ஒரு வரி தடுத்துவிடும்.

கண்காணிக்க ஆள் இருந்தார்கள். ஹேவர்ட் வேலிகளையும் பயிரையும் பார்த்துக்கொள்வார். பிண்டர் தப்பித் திரியும் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்; அபராதம் கட்டித்தான் மீட்க முடியும். ஹேவர்ட், பிண்டர் இரண்டும் இன்று ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள். 'பவுண்டு' நமக்கும் தெரிந்ததே. வெள்ளைக்காரன் சட்டத்தோடு இங்கே வந்து, கொண்டித்தொழுவத்தில் மாட்டை அடைப்பதற்கு "பவுண்டுல போட்டுட்டாங்க" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

எல்லாரும் உத்தமர்களா என்றால், இல்லவே இல்லை. மன்றத்தின் ஏடுகளைப் பிரித்தால் அதிக ஆடு விட்டதற்கான அபராதங்கள் குவிந்து கிடக்கின்றன. பிரபுக்களே தங்கள் மந்தைகளைக் கணக்கில்லாமல் விட்ட ஊர்களும் உண்டு. ஆனால் அபராதப் பட்டியல் நீளமாக இருக்கிறதென்றால் ஏமாற்றினார்கள் என்பது மட்டும் செய்தியில்லை, பிடித்தும் இருக்கிறார்கள். உலகம் முழுக்க இப்படி ஊர்க்கட்டுப்பாட்டில் நடந்த பொது வளங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

இதுவரை பார்த்தது: சிதறிய தனித் துண்டுகள், அறுவடைக்குப் பின் கூட்டு மேய்ச்சல், அதற்கு வெளியே எல்லை போட்ட காமன், மூன்றையும் கணக்கில் வைத்த ஒரு மன்றம்.

வில்லன், நகல், ஃபார்மர்

ஆட்களைப் பற்றிப் பேசும்போது சொற்கள் நம்மைக் கவிழ்த்துவிடும். மூன்று சொல்லைச் சுத்தம் செய்துகொள்வோம்.

இடைக்காலக் குடியானவர்களில் பெரும்பகுதியினர் வில்லின் என்ற வகை. பிரபுவின் நிலத்தை அனுபவித்ததற்குப் பதிலாக வாரத்தில் சில நாள் பிரபுவின் சொந்தப் பண்ணையில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத்தலைவர் செத்தால் வீட்டிலிருக்கும் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். மேல்தட்டுக்காரர்கள் இந்த ஆளைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல்லே அயோக்கியனைக் குறிக்கத் தொடங்கி, வில்லன் ஆகி, கடைசியில் நம்பியார்வரை வந்து சேர்ந்தது. பாவம், ஆரம்பத்தில் அவன் வெறும் உழவன்.

1348, 49-ல் வந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனது. ஆள் கிடைக்காதபோது கட்டாய உழைப்பைக் கேட்க முடியவில்லை. கூலியைப் பழைய அளவிலேயே கட்டிப்போட 1351-ல் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். 1381-ல் பெரிய கலகமே வெடித்தது. அடுத்த நூறு வருஷத்துக்குள் வில்லின் நிலை கிட்டத்தட்ட கரைந்துபோய், உழைப்புக்குப் பதில் பணம் என்றானது. அந்த நிலத்துக்கு மன்ற ஏட்டில் பதிவு செய்து அதன் நகலைக் கையில் கொடுத்தார்கள். நகல் வைத்து அனுபவிக்கும் நிலம் என்பதால் அதற்குக் காப்பிஹோல்ட் என்றே பெயர். இந்த வகை உரிமை 1926 வரை சட்டத்தில் இருந்தது.

மூன்றாவது சொல்தான் எல்லாரையும் குழப்புவது: ஃபார்மர். நாம் விவசாயி என்று மொழிபெயர்த்துவிட்டு, சொந்த நிலத்தில் உழுபவர் என்று எண்ணிக்கொள்கிறோம். 'ஃபார்ம்' என்ற சொல் முதலில் குறித்தது நிலத்தையே அல்ல. இவ்வளவு என்று தீர்மானித்த தொகையை. அந்தத் தொகையைக் கட்டிவிட்டு வரும்படியைத் தான் எடுத்துக்கொள்பவர் ஃபார்மர். வரி வசூலை மொத்தமாக எடுத்தவரும் ஃபார்மர்தான். தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: குத்தகை. புளியமரத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், சாராயக் குத்தகைக்காரர் என்று நாம் சொல்வதை அன்றைய ஆங்கிலத்தில் சொன்னால் அவர்களும் ஃபார்மர்களே.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஃபார்மர் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். மேலே, உழாத நிலச்சொந்தக்காரர். நடுவில், இருநூறு முந்நூறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து முதல் போட்டு லாபம் பார்க்கும் ஃபார்மர். கீழே, நிலமில்லாத கூலித் தொழிலாளி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு விளைநிலம் குத்தகையில்தான் இருந்தது. சொந்த நிலத்தில் உழுத யோமன் என்ற நடுத்தரக் குடியானவரும் இருந்தார், ஆனால் அவர் சுருங்கிக்கொண்டே போனார்.

வீட்டுக்குள்

கிராமத்துக் குடும்பம் என்றதும் தாத்தா, பாட்டி, நாலு மகன்கள், மருமகள்கள் என்று ஒரு கூட்டுக்குடும்பம் நம் கண்முன் வரும். இங்கிலாந்தில் அது அந்தக் காலத்திலேயே அபூர்வம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கிடைக்கும் ஊர்க் கணக்குகளைப் பார்த்தால், வேலையாட்களையும் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சராசரி ஐந்து பேர்கூடத் தேறவில்லை. கல்யாணமானால் தனிக்குடித்தனம்தான். தனிக்குடித்தனத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும், ஆகவே கல்யாணம் தாமதம். 17-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குச் சராசரி 25, 26 வயது. ஆண்களுக்கு 27, 28.

அதுவரை அந்த இளைஞர்கள் எங்கே இருந்தார்கள்? அடுத்தவர் வீட்டில். பதின்ம வயதில் பையனும் பெண்ணும் வேறொரு ஃபார்மர் வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, வருஷக் கடைசியில் கூலி. 15 வயதிலிருந்து 24 வரை உள்ளவர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போனதாக நினைக்க வேண்டாம். நிலமிருந்தவர்களின் பிள்ளைகளும் போனார்கள். வருஷத்துக்கொரு முறை ஆள் பிடிக்கும் சந்தை கூடும். ஆட்டுக்காரப் பையன் தொப்பியில் கொஞ்சம் கம்பளியைச் செருகிக்கொண்டு நிற்பான், வண்டிக்காரன் சாட்டைக் கயிற்றைச் செருகியிருப்பான். பேரம் படிந்தால் ஃபார்மர் ஒரு காசைக் கையில் அழுத்துவார். வாங்கிவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கட்டுப்பட்ட மாதிரி.

ஃபார்மரின் மனைவியை வீட்டோடு இருப்பவர் என்று நினைத்தால் பெரிய தவறு. பால்மாடு, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி, வீட்டு பீர் எல்லாம் அவர் பொறுப்பு. வெண்ணெயும் முட்டையும் விற்ற காசில் பல வீடுகளில் குத்தகை பாக்கி தீர்ந்திருக்கிறது.

சொத்து மூத்த மகனுக்கு என்பது பொதுவழக்கம். ஆனால் கென்ட் மாவட்டத்தில் எல்லா மகன்களுக்கும் சம பங்கு, சில மேனர்களில் கடைசி மகனுக்கே எல்லாம். எனக்கு மிகப் பிடித்தது பழைய மன்ற ஏடுகளில் வரும் ஒருவகை ஒப்பந்தம். வயதான அப்பா நிலத்தை மகனுக்கு எழுதிக்கொடுக்கும்போது, அடுப்புக்குப் பக்கத்தில் இடம், வருஷத்துக்கு இத்தனை அளவு கோதுமை, இத்தனை அளவு பார்லி, ஒரு ஜோடி உடுப்பு என்று பட்டியல் போட்டு மன்றத்தில் பதியவைப்பார். மகன் மீறினால் நிலம் திரும்பிவிடும் என்று ஒரு வரியும் சேர்ப்பார். பாசம் ஒருபக்கம் இருக்கட்டும், பதிவு ஒருபக்கம் இருக்கட்டும் என்கிற ஆள்.

வேலி எப்படி வந்தது

திறந்த வயலையும் காமனையும் தனித்தனிச் சொத்தாகப் பிரித்து வேலி போட்டு, அதன் மேலிருந்த பொது உரிமைகளை ரத்து செய்வதற்கு என்க்ளோஷர் என்று பெயர். வெறும் வேலி கட்டுவதை அது குறிக்காது. வேலி கடைசியில் வருவது, உரிமை ரத்துதான் உள்ளே இருக்கும் சரக்கு.

இது ஒரே வீச்சில் நடக்கவில்லை. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கம்பளிக்கு நல்ல விலை இருந்தபோது பிரபுக்கள் வயலைப் புல்லாக்கி ஆடு விட்டார்கள். 1549-ல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையிலும், 1607-ல் நடு இங்கிலாந்திலும் மக்கள் திரண்டு வேலிகளைப் பிடுங்கினார்கள். கெட்டைத் தூக்கிலிட்டார்கள். ஊருக்குள்ளேயே பேசி, துண்டுகளை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வேலி போட்ட இடங்களும் ஏராளம். 1700 வாக்கில் நாட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வேலிக்குள் இருந்தது. மிச்சத்தைத்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள், ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இவற்றில் பெரும்பாலானவை 1750-க்குப் பிந்தியவை.

நடைமுறையைப் புரிந்துகொள்ள நம் ஒண்டுக்குடித்தனத்துக்குத் திரும்புவோம். மாடியைப் பிரிக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. ஊர்ச் சட்டம் சொல்கிறது: தலைக்கு ஓர் ஓட்டு கிடையாது, சொத்து மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும். எட்டில் ஆறு போர்ஷன் அவருடையது. முக்கால் பங்கு அவர் ஒருவரிடமே இருக்கிறது. எட்டுக் குடித்தனத்தில் ஏழு முணுமுணுத்தாலும் மனு போய்விடும். இங்கிலாந்திலும் இப்படித்தான், நிலமதிப்பில் முக்கால் முதல் ஐந்தில் நாலு பங்கு சம்மதமே வழக்கமான அளவு. அது இரண்டு மூன்று பேர் கையில் இருந்த ஊர்கள் உண்டு. 1774-க்குப் பிறகு தேவாலயக் கதவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. எதிர்ப்பவர் லண்டனுக்குப் போய் வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டும். கூலிக்காரர் எப்படிப் போவார்?

சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள் வருவார்கள், பெரும்பாலும் மூன்று பேர். கூடவே சர்வேயர். ஊரையே அளந்து, யாருக்கு என்ன உரிமை என்று ஆவணம் கேட்டு, புது வரைபடம் போட்டு, நேர்க்கோட்டில் சாலை போட்டு, நிலத்தை மறுபடி பங்கிடுவார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் இதன் முடிவு என்ன? முப்பது வருஷமாக வடகம் பிழிந்த ஐந்து வாடகைக் குடித்தனத்துக்கும் ஒன்றுமில்லை. பழக்கம் இருந்ததே தவிர, காகிதம் இல்லை. கிரயம் வாங்கிய இருவருக்கும் மாடியில் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. ஆனால் வரும் சித்திரைக்குள் சொந்தச் செலவில் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், வழக்குச் செலவிலும் பங்கு தர வேண்டும். ஒருவர் சமாளிக்கிறார். இன்னொருவர் தன் மூலையை வீட்டுக்காரரிடமே விற்றுவிடுகிறார்.

இங்கிலாந்தில் சுவருக்குப் பதில் பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முட்செடி வேலி. நடு இங்கிலாந்தின் படங்களில் பார்த்து, 'ஆதிகாலத்து ஆங்கிலேய கிராமம்' என்று நாம் உருகும் கட்டம் கட்டமான பச்சை வேலிகளில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்; வயது 200, 250 வருஷம். டெவன், கென்ட் போன்ற பகுதிகளின் வளைந்து நெளிந்த வேலிகள் வேறு, அவை உண்மையிலேயே பழையவை.

சுருக்கமாக: சம்மதம் நிலமதிப்பைப் பார்த்தது, பங்கு காகிதத்தைப் பார்த்தது, செலவு பங்கு கிடைத்த எல்லார் தலையிலும் விழுந்தது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்

விளைச்சலே கூடவில்லை என்று சொன்னால் அது பொய். டர்னிப் கிழங்கும் க்ளோவர் தீவனமும் சேர்த்த சுழற்சியால் தரிசே தேவையில்லாமல் போனது. இனி ஊரைக் கேட்காமல் அவரவர் பயிரை மாற்றலாம். (திறந்த வயல் ஊர்களும் மன்றத்தில் பேசி வைத்து க்ளோவர் போட்டிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.) குத்தகைத் தொகை நிச்சயமாக ஏறியது. பிரபுக்களை அதிகம் இழுத்தது அதுதான் என்பது என் எண்ணம்.

கீழே இருந்தவர்களுக்குப் போனது ஒரு பசு, சில வாத்து, அடுப்புக்கு எரிபொருள். பணமாகப் பார்த்தால் சிறியது. ஆனால் ஒரு பசு வைத்திருந்த கூலிக்காரர் மழைநாளில் வேலை இல்லையென்றாலும் பிள்ளைக்குப் பால் கொடுப்பார், கூலி பேசும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். என்க்ளோஷரை நெடுங்காலம் ஆதரித்த வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங்கே, 1801-ல், இருபது என்க்ளோஷர் சட்டத்தில் பத்தொன்பது சட்டம் ஏழைகளைக் கெடுத்துவிட்டது என்று எழுதும்படி ஆனது.

அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்குவது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காலங்காலமாக இருந்த பழக்கம். காலையில் தேவாலய மணி அடித்தால் வயலில் இறங்கலாம், சாயங்காலம் அடித்தால் ஏற வேண்டும். சில வாரத்தில் பல மாதத்து ரொட்டி மாவு சேர்த்த குடும்பங்கள் உண்டு. 1788-ல் சஃபோக் மாவட்டத்து டிம்வர்த் என்ற ஊரைச் சேர்ந்த மேரி ஹௌட்டன் வழக்கில், கதிர் பொறுக்க யாருக்கும் சட்டப்படி உரிமை கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் அதற்குப் பிறகும் போனார்கள்.

ஃபார்மர்களும் மெல்ல மெல்ல வேலையாட்களைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பினார்கள். தெற்கிலும் கிழக்கிலும் வருஷ ஒப்பந்தம் போய் வாரக்கூலி, நாள்கூலி வந்தது. 1830-ல் குளிர்கால வேலையையும் கதிரடிக்கும் இயந்திரம் பறித்தபோது, கென்ட்டில் தொடங்கிய கலகம் தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், சுமார் 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இன்னும் நடக்கும் ஒரு ஊர்

நாட்டிங்ஹாம்ஷரில் லாக்ஸ்டன் என்றொரு ஊர். என்க்ளோஷர் சட்டம் அங்கே வரவே இல்லை. 1635-ல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் அந்த ஊருக்கு வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக வயல், உள்ளே குட்டி குட்டியாக உழுகிறவரும் மேய்க்கிறவரும்கூட வரையப்பட்டிருக்கிறார்கள். துண்டுகள் காலப்போக்கில் அகலமாகிவிட்டன, ஆனால் வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் மூன்றும் வேலியில்லாமல் இன்றும் சுழற்சியில் இருக்கின்றன. மன்றமும் நடக்கிறது.

நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில், கோதுமை விதைத்த வயலுக்கு ஜூரி கிளம்புகிறது. எல்லாரும் அந்த ஊர் ஃபார்மர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள். துண்டுகளின் ஓரத்தில் மரமுளை அடித்துக்கொண்டே, யார் பொதுப் புல்லுக்குள் ஒரு முழம் தள்ளி உழுதிருக்கிறார், யார் வடிகாலைத் தூர்வாரவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் மதுக்கடையில் மன்றம் கூடி, குறித்ததை வாசித்து, சில பவுண்டு அபராதம் போடுகிறது. கட்டுகிறவர் போன வருஷம் ஜூரியில் முளையடித்தவராகவே இருக்கக்கூடும்.